கட்டிக் கொடுத்த சோறு: உரைப் பகுப்பாய்வு மென்பொருளை நிறுவும் விஷயம் பற்றி ஓர் ஆராய்ச்சி

நூறு நாவல்களை எழுத்துக் கோப்புகளாகத் திரட்டி வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எந்தச் சொல்லை அடுத்து வருகிறது, எந்த ஆசிரியர் எந்த இடைச்சொல்லை மிகுதியாக வழங்குகிறார், அரை நூற்றாண்டுக் காலத்தில் எந்தப் பொருள் தலையெடுத்து எந்தப் பொருள் மறைந்தது என்பன போன்ற வினாக்களையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு விடை காண உதவும் மென்பொருள் விலையின்றியும் மூலநிரலோடும் உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாக வழங்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியையும் கேட்டு மகிழ்ந்து, ஓர் இலக்கிய ஆராய்ச்சியாளர் தம் கணினியின் முன் அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளைத் திறந்தால், வேறொரு மென்பொருள் முன்னதாகவே இருந்தாக வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. அதைத் தேடி நிறுவினால், இது புதிய பதிப்பு, பழைய பதிப்பே வேண்டும் என்று மற்றோர் அறிவிப்பு வருகிறது. பழையதைக் கொண்டுவந்து வைத்தால், நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொன்று நின்றுபோகிறது. மூன்றாம் நாள் மாலையில் அவர் அறிந்துகொண்டவை நாவல்களைப் பற்றியவையல்ல. தம் கணினியின் வயிற்றுக்குள் கிடக்கும் கோப்புகளைப் பற்றியவை.

இத்தகைய அனுபவத்தை ஆராய்ச்சிக்குப் புறம்பான ஓர் அற்ப விவகாரம் என்றும், அலமாரியின் பூட்டைத் திறப்பதற்கும் உள்ளிருக்கும் கிரந்தத்தைப் படிப்பதற்கும் என்ன சம்பந்தம் இருக்கிறதோ அதுவே நிறுவுதலுக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள சம்பந்தம் என்றும் கருதுவது வழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயம் இதற்கு மாறானது. மென்பொருளை நிறுவும் முறை ஆராய்ச்சி முறையின் ஓர் அங்கமே. அதை எளிதாக்குவோர் சிக்கலை அழித்துவிடுவதில்லை. பலருடைய தோள்களில் சிதறிக் கிடந்த சுமையை எடுத்துத் தம் தோளில் வைத்துக்கொள்கிறார்கள். அவ்வாறாயின், அச்சுமையை யார் ஏற்கிறார், எத்தனை காலம் ஏற்பார், மூட்டைக்குள் இருப்பதை மற்றவர் அறிய இடமளிக்கிறாரா என்ற மூன்று வினாக்களும் ஆராய்ச்சியைப் பற்றிய வினாக்களாகவே ஆகிவிடுகின்றன. "சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு?" என்று நம் வீட்டு மூதாட்டிகள் கேட்டுவந்த கேள்வி, அவர்கள் கனவிலும் காணாத இப்பொருளுக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது என்பது போகப் போக விளங்கும்.

யந்திரத்தைத் தேடிப் போன காலம்

உரைகளை யந்திரம் கொண்டு ஆராய்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ரொபேர்த்தோ பூசா என்ற இத்தாலிய ஏசு சபைத் துறவியாரிடமிருந்து தொடங்குவர். தாமஸ் அக்குவினாஸின் நூல்களில் வழங்கும் சொற்கள் அனைத்துக்கும் அடைவு ஒன்று தயாரிக்க வேண்டும் என்று சங்கற்பித்துக்கொண்ட அவர், 1949இல் நியூயார்க்குக்குச் சென்று, ஐபிஎம் நிறுவனத்தின் தலைவரான தாமஸ் வாட்சனைக் கண்டு, அந்நிறுவனத்தின் துளையட்டை யந்திரங்களை உபயோகித்துக்கொள்ள உதவி பெற்றார். இத்தாலியில் கல்லராத்தே என்னும் ஊரில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் அட்டை அட்டையாகத் துளையிட்டுப் பதிந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வடைவு, 1970களில் அச்சேறத் தொடங்கி 56 தொகுதிகளாக நிறைவெய்தியது. இம்முயற்சியின் ஆதி நாட்களில் மென்பொருளை நிறுவுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. யந்திரம் ஒரு ஸ்தாபனத்தின் சொத்து; அதை இயக்குவோர் அங்கே சம்பளம் பெறுவோர்; பண்டிதர் தம் ஏட்டோடு யந்திரத்தைத் தேடிச் சென்றாரேயன்றி, யந்திரம் அவரைத் தேடி வரவில்லை.

பல்கலைக்கழகங்கள் சொந்தமாகப் பெருங்கணினிகளை வைத்துக்கொள்ளத் தொடங்கியபின் நிலைமை சிறிது மாறிற்று. 1980களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டில் சூசன் ஹாக்கியும் அவருடைய சகாக்களும் ஆக்கிய சொல்லடைவு நிரல், ஒரு குறிப்பிட்ட யந்திரத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல், வெவ்வேறு நிறுவனத்தாரின் கணினிகளிலும் இயங்க வேண்டும் என்ற நோக்கத்துடன் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. ஆயினும், நாடாவில் வந்த அந்நிரலைத் தம் கணினியில் ஏற்றிச் சரிபார்த்துக் கொடுத்தவர்கள் அந்தந்தக் கணினி நிலையத்து ஊழியர்களே. சிரமம் அன்றும் இருந்தது. அதைச் சுமப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர்கள் இருந்தமையால் இலக்கிய ஆராய்ச்சியாளரின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

மேசைமேல் வைக்கும் சிறு கணினி வந்தபோது, கணினி நிலையம் செய்துவந்த பணி ஒருவரும் சொல்லாமலே ஆராய்ச்சியாளரின் கைக்கு மாறியது. நல்வாய்ப்பாக, முதலில் அப்பணி இலேசாகவே இருந்தது. டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்லி முன்னின்று ஆக்கி 1989இல் வெளியான டாக்ட் என்ற தொகுப்பு டாஸ் அமைப்பில் இயங்கியது. நெகிழ்வட்டிலிருந்து கோப்புகளைப் பிரதி செய்துகொண்டால் வேலை முடிந்தது. 1996இல் அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் அதைக் கற்பிக்கும் புத்தகத்தைக் குறுந்தகட்டோடு வெளியிட்டது. புத்தகக் கடையில் வாங்கிய நூலின் பின்னட்டைக்குள் ஆராய்ச்சிச் சாதனம் முழுவதும் அடங்கியிருந்த அந்தக் காலத்தை இன்று சிலர் ஏக்கத்தோடு நினைவுகூர்வதில் வியப்பில்லை.

சார்புகளின் சங்கிலி

அந்த எளிமை ஏன் குலைந்தது என்று விசாரித்தால், குலைத்தது தீமையன்று, பரோபகாரமே என்பது தெரிய வரும். திறந்த மூலநிரல் இயக்கம் வளர வளர, ஒருவர் எழுதிய நிரற்பகுதியை மற்றொருவர் தம் நிரலில் அப்படியே பயன்படுத்திக்கொள்ளும் சம்பிரதாயம் வலுப்பெற்றது. எண்களை வரிசைப்படுத்துவதற்கு ஒருவருடைய நிரல் நூலகம், அணிக்கணிதத்துக்கு வேறொருவருடையது, வரைபடம் தீட்ட மூன்றாமவருடையது என்று கடன் வாங்கி அமைக்கப்பட்ட ஆராய்ச்சி மென்பொருள், டாக்டைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் உடையது. அதே அளவுக்குப் பிறரை நம்பியும் நிற்பது. நிரலாளர் இதனைச் சார்பு என்பர். சார்புக்குச் சார்பு உண்டு; அதற்கும் சார்பு உண்டு. ஓர் எழுத்துச் சரத்தின் இடப்புறத்தை வெற்றெழுத்தால் நிரப்புவது தவிர வேறொரு பயனுமற்ற, 11 வரிகளே கொண்ட ஒரு சிறு நிரலை அதை எழுதியவர் 2016 மார்ச்சில் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், அதைப் பெயரளவிலும் கேள்விப்பட்டிராத பெரிய மென்பொருள்கள் பல உலகெங்கும் கட்டமைக்க முடியாமல் தடைப்பட்டன. சங்கிலி எத்தனை நீளம் என்பது அறுந்த அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

உரைப் பகுப்பாய்வுக்கு உரிய உதாரணங்களைப் பார்ப்போம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ மெக்கல்லம் 2002 முதல் வளர்த்த மாலெட் என்ற ஜாவா மென்பொருள், பெருந்தொகையான ஆவணங்களில் எந்தெந்தச் சொற்கள் கூட்டமாக வந்து எந்தெந்தப் பொருளை உணர்த்துகின்றன என்று கணிப்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரும் புகழ் பெற்றது. அதன் கணிதம் சூட்சுமமானது. அதை இயக்கும் கட்டளையோ ஒரு வரி. எனினும், விண்டோஸ் கணினியில் அதை இயக்க விரும்புவோர், மென்பொருள் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதைச் சூழல் மாறி என்ற மறைவான ஓர் அமைப்பில், பெரிய எழுத்தில், ஒரு குறியும் பிசகாமல் எழுதி வைத்தாக வேண்டும். வரலாற்றாசிரியர்களுக்கென்று 2012இல் எழுதப்பட்டுப் பரவலாகப் பயன்பட்டுவரும் மாலெட் பாடம், கணிப்பின் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, விண்டோஸுக்கு ஒரு வழியும் மாக்குக்கு வேறொரு வழியுமாக நிறுவும் படிகளை விரித்துரைப்பதற்கு இதுவே காரணம்.

பைத்தான் மொழியாளரின் சிரமம் வேறு வகையானது. அம்மொழியின் கணித நூலகங்கள் வேகத்தின் பொருட்டு உள்ளுக்குள் சி மொழியிலும் ஃபோர்ட்ரானிலும் எழுதப்பட்டவை. மூலநிரலாக வந்தால் அவற்றை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி பயனரின் கணினியில் இருக்க வேண்டும். சாதாரண விண்டோஸ் கணினியில் அது இருப்பதில்லை. அரிசிக்குப் பதில் நெல்லை அளந்து கொடுத்து, உரலும் உலக்கையும் உம் வீட்டில் இருக்குமே என்று சொல்வதை ஒத்தது இது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய ஓர் ஆராய்ச்சியாளர், எவரும் நியமிக்காமலே, இந்நூலகங்களை விண்டோஸுக்காகத் தாமே மாற்றி, பல ஆண்டுகள் பொதுவில் வழங்கி வந்தார். எத்தனையோ பேருடைய ஆராய்ச்சி அந்த ஒற்றைப் பக்கத்தை நம்பி நடந்தது. 2013இல் பைத்தான் சமூகம் ஏற்றுக்கொண்ட வீல் என்ற பொதி வடிவம், தொகுத்து முடித்த நிரலையே நேராக அனுப்ப வழி செய்தது. 2016இல் லினக்ஸுக்கும் ஒரு தந்திரம் ஏற்கப்பட்டது: மிகப் பழைய லினக்ஸ் அமைப்பு ஒன்றில் வைத்துத் தொகுத்தால், புதிய அமைப்புகள் பழையவற்றோடு இணங்குமாறு ஆக்கப்பட்டிருப்பதால், ஒரே பொதி ஏறக்குறைய எங்கும் ஓடும். நெல் குத்தும் வேலை வீடு வீடாக நடப்பது மாறி ஆலைக்குச் சென்றதற்கு இதனை ஒப்பிடலாம். மாறியது இடமே, வேலை மறைந்துவிடவில்லை.

மூட்டை கட்டியவர்கள்

சார்புகள் அனைத்தையும் தேடித் தருமாறு பயனரை அலைக்கழிப்பதைக் காட்டிலும், வேண்டியவற்றை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுவது மேல் என்ற முடிவுக்கு வந்தவர்கள் உலகின் பல பாகங்களிலும் உண்டு. அவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ஜப்பானியச் சமூகவியலாளர் ஹிகுச்சி கோயிச்சி. ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை; ஆகையால் சொற்களை எண்ணத் தொடங்குமுன் அவற்றைப் பிரித்தறியும் இலக்கண நிரல் ஒன்று தேவை. பிரித்தவற்றைச் சேமிக்கத் தரவுத்தளம், கணிக்க ஆர் மொழி, இவை மூன்றையும் இணைக்க பெர்ல் மொழி என்று நான்கு பெரிய மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவி, ஜப்பானிய எழுத்துக் குறிமுறைகளில் எது எங்கே வழங்குகிறது என்பதையும் ஒத்திசைத்தாக வேண்டிய நிலை. 2001 முதல் அவர் வளர்த்துவரும் கேஎச் கோடர், விண்டோஸ் பயனருக்கு இவை அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்கித் தந்தது. விரித்தால் ஒரு கோப்புறை. அதில் ஒரு சின்னம். அதைச் சொடுக்கினால் ஆராய்ச்சி தொடங்கும். ஜப்பானிய ஆய்விதழ்களில் கேள்விப் படிவங்களின் விடைகளையும் பத்திரிகைச் செய்திகளையும் இம்மென்பொருள் கொண்டு ஆராய்ந்த கட்டுரைகள் பெருகியதில் அதன் புள்ளியியலுக்கு உள்ள பங்கைப் போலவே அந்த ஒற்றைக் கோப்புக்கும் பங்கு உண்டு.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ ஹார்டி வேறொரு வழியைக் கையாண்டார். அவர் ஆக்கிய சிக்யூபி வெப், ஷ்டுட்கார்ட்டில் 1990களின் தொடக்கத்தில் உருவான உரைத்தொகுதித் தேடுபொறியை உலாவி வழியே பயன்படுத்த உதவுவது. அதை நிறுவுவதற்கு வலைச் சேவையகமும் தரவுத்தளமும் மூன்று நிரல்மொழிகளும் தேவை. இவ்வளவையும் ஒரு மொழியியல் மாணவர் நிறுவுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்று உணர்ந்த அவர், எல்லாம் நிறுவி முடித்த முழு லினக்ஸ் கணினியையே மெய்நிகர் கணினியாக ஒரு பெட்டியில் அடைத்து வெளியிட்டார். சோற்றோடு அடுப்பையும் பானையையும் வைத்து அனுப்பியது போன்ற காரியம். சுமை கனம்தான், ஆனால் போன இடத்தில் எதையும் தேட வேண்டாம்.

ஸ்டெஃபான் சின்கிளேரும் ஜெஃப்ரி ராக்வெலும் கனடாவில் ஆக்கிய வாயண்ட் மூன்றாவது வழிக்கு உதாரணம். உலாவியில் முகவரியைத் தட்டினால் போதும். நிறுவுதல் என்பதே இல்லை. ஆயினும் அவர்களே பின்னர், பயனர் தம் கணினியில் வைத்து இயக்கிக்கொள்ளத்தக்க தனிச் சேவையகம் ஒன்றையும் பொதியாக வெளியிட நேர்ந்தது. முப்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் உரைகளை ஏற்றும் வகுப்பில் பொதுச் சேவையகம் திணறும்; நோயாளிகளின் வாக்குமூலம், வெளியிடப்படாத கடிதம் போன்றவற்றை அயலார் கணினிக்கு அனுப்புவது தகாது. சத்திரத்துச் சாப்பாடு எவ்வளவு சௌகரியமாயினும், வீட்டில் சமைத்தாக வேண்டிய நாட்கள் வந்தே தீரும்.

நான்காவது உதாரணம் தமிழருக்கு நேரடியாகச் சம்பந்தமுடையது. அச்சு நூலை எழுத்துக் கோப்பாக மாற்றும் டெசராக்ட் என்ற மென்பொருள், ஹியூலெட் பக்கார்டு நிறுவனத்தின் பிரிஸ்டல் ஆய்வுக்கூடத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005இல் திறந்த மூலமாக்கப்பட்டு, 2006 முதல் கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. பழைய தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்ற விரும்புவோர் பலர் இன்று இதனையே நாடுகின்றனர். இதன் மூலநிரலைக் காக்கும் குழுவினர் நெடுங்காலம் நேராகத் தராதிருந்த விண்டோஸ் நிறுவிகளைத் தயாரித்து வழங்கி வருவது ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம். பழைய ஜெர்மன் செய்தித்தாள்களை எழுத்தாக்கும் தம் தேவைக்காகத் தொடங்கிய வேலையை ஒரு நூலகம் உலகத்துக்கே பொதுவாக்கியதன் பயன், மதுரையில் ஒரு மாணவர் தமிழ்ப் பிரதியொன்றை வருடியெடுக்கும்போது அவருக்குத் தெரியாமலே வந்து சேர்கிறது. நூலைத் தேடி எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நூலகர்கள் மென்பொருளையும் அவ்வாறே எடுத்துக் கொடுத்தது, நூலக தர்மத்தின் இயல்பான விரிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது, டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்து லாரன்ஸ் ஆந்தனி 2002 முதல் வெளியிட்டுவரும் ஆண்ட்கான்க். அது விலையில்லாதது; ஆனால் திறந்த மூலமன்று. அப்படியிருந்தும், ஒரே கோப்பாக வந்து, நிறுவாமலே திறந்துகொண்ட அதன் சௌகரியத்தால் உலகெங்கும் மொழியியல் வகுப்புகளில் அது நிலைபெற்றிருக்கிறது. மூலநிரல் திறந்திருந்தும் வாசல் பூட்டியிருக்கும் மென்பொருளைக் காட்டிலும், மூலநிரல் மூடியிருந்தும் வாசல் திறந்திருக்கும் மென்பொருளை ஆசிரியர்கள் விரும்புவதை யாரும் குற்றம் சொல்ல இயலாது. சுதந்திரம் என்பது உரிமத்தின் வாசகத்தில் இருந்தால் போதாது. அதை அனுபவிக்கத்தக்க வடிவிலும் தர வேண்டும் என்ற பாடத்தைத் திறந்த மூலத்தார் இங்கே கற்க வேண்டியிருக்கிறது.

சோறு ஊசிப்போதல்

கட்டுச்சோறு பயணத்துக்கு உகந்தது, குடித்தனத்துக்கு ஆகாது. கட்டிய மூட்டைக்குள் இருக்கும் தரவுத்தளமும் மொழியும் கட்டிய நாளின் பதிப்பிலேயே உறைந்து நிற்க, வெளியே இயங்குதளம் மாறிக்கொண்டே செல்கிறது. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தும், இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்கள் பல ஆண்டுகள் மாறாமலே இருந்தன. 2020 ஜனவரி 1 அன்று இரண்டாம் பதிப்புக்கு உரிய பராமரிப்பு நிறுத்தப்பட்டதும், ஆளின்றி விடப்பட்ட ஆராய்ச்சி நிரல்கள் எத்தனையோ உயிரற்றுப் போயின. இர்வைனில் நடந்த தனிமனிதத் தொண்டும் 2022இல் முடிவுற்றது. ஒருவர் தோளில் நிற்கும் ஏற்பாடு அந்தத் தோள் உள்ளவரைதான்.

பழமொழியின் முற்பாதியாகிய சொல்லிக் கொடுத்த சொல்லுக்கு அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பேர்டும் எட்வர்டு லோப்பரும் 2001இல் தொடங்கிய என்எல்டிகே, மொழியியல் மாணவர்கள் பைத்தான் கற்கும் முதல் வாயில்களுள் ஒன்று. இதில் நிரல் ஒரு பொதியாகவும், வாக்கியங்களைப் பிரிக்க உதவும் புங்க்ட் முதலிய தரவுகள் தனியே இறக்கிக்கொள்ளத்தக்கனவாகவும் இருக்கின்றன. அத்தரவை இறக்கும் கட்டளை ஆண்டுக்கணக்காகப் பாடநூல்களிலும் வகுப்புக் குறிப்புகளிலும் மாறாமல் எழுதப்பட்டு வந்தது. ஆனால் அத்தரவு பிக்கிள் என்ற வடிவில் சேமிக்கப்பட்டிருந்தது. அவ்வடிவக் கோப்பைத் திறக்கும்போது அதனுள் மறைத்து வைத்த தீய கட்டளையும் இயங்கிவிடக்கூடும் என்ற பாதுகாப்புக் குறையால், 2024இல் வந்த பதிப்பு பழைய தரவைக் கைவிட்டு வேறு பெயருடைய புதிய தரவைக் கேட்கத் தொடங்கியது. பாடநூலில் உள்ளபடியே தட்டிய மாணவருக்குக் கிடைத்தது பிழைச் செய்தி. பிக்கிள் என்றால் ஆங்கிலத்தில் ஊறுகாய். எது கெட்டாலும் கெடாது என்று நம்பிக் கூடவே வைத்து அனுப்பிய ஊறுகாயே முதலில் கொட்டப்பட்டது என்பதில் சிறிது வேடிக்கையும் இருக்கிறது.

எளிமையில் உள்ள அபாயம்

மூட்டையைப் பற்றிக் கெடுதல் ஒன்று மட்டுமே குறையாகச் சொல்லத்தக்கதன்று. அதைவிடச் சூட்சுமமான குறை, கட்டியவர் தம் நாவுக்கேற்ப இட்ட உப்பு. ஒவ்வொரு மென்பொருளும் பயனர் எதுவும் சொல்லாதபோது தானே கொள்ளும் முடிவுகளோடு வருகிறது. அவற்றை முன்னிருப்பு என்பர். மாலெட் ஓர் உரையைச் சொற்களாகப் பிரிக்கும்போது, எழுத்தில் தொடங்கி எழுத்தில் முடிந்து, குறைந்தது மூன்று குறியீடுகளேனும் உடையதே சொல் என்று கொள்வது அதன் முன்னிருப்பு. ஆங்கிலத்துக்கு இது தகும். யூனிகோடு முறையிலோ தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்து என்ற வகையில் சேராமல், எழுத்தை ஒட்டி வரும் குறி என்ற தனி வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. விளைவு என்ன? தமிழ் என்ற சொல், இகரக் குறி வந்த இடத்தில் அறுபட்டு, முதலில் தகர மகரங்களும் பின்னர் ழகரமும் தனித்தனியே நின்று, இரண்டு துண்டுகளும் மூன்று குறியீட்டுக்குக் குறைந்தமையால், கணக்கில் ஏறாமலே மறைந்துவிடும். பைத்தான் மொழியோடு வரும் வழக்கமான சொற்குறி விதியும் இவ்வாறே தமிழைத் துண்டாடும்.

இதற்கு மாற்றில்லாமல் இல்லை. எழுத்தோடு ஒட்டுக்குறியையும் சேர்த்துக் கொள்ளுமாறு ஒரு கட்டளையைக் கூட்டினால் போதும். இந்திய எழுத்துமுறைகளுக்கு இது இன்றியமையாதது என்று மாலெட்டின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ஆனால் அக்குறிப்பைப் படிக்க நேர்பவர் யார்? நிறுவுவதற்காக மூன்று நாள் போராடி விளக்கங்களைத் துருவியவர் ஒருவேளை அதைக் கண்டிருப்பார். ஒரே சொடுக்கில் திறந்தவர், வண்ணம் தீட்டிய வரைபடத்தைக் கண்டு மகிழ்ந்து, அதில் பாதிச் சொற்கள் காணாமற்போனதை அறியாமல் கட்டுரை எழுதவும் கூடும். சிரமம் தன்னளவில் குணமன்று. எனினும் அது பயனரை மென்பொருளின் உட்புறத்தோடு சிறிதேனும் பழக்கிவிட்டது. எளிதாக்குவோர் அந்தப் பழக்கத்தை வேறு வழியில் ஈடு செய்யக் கடமைப்பட்டவர்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தரவு, எந்த விதி என்பதை முடிவோடு சேர்த்தே அச்சிட்டுக் காட்டும் மென்பொருள் அக்கடமையைச் செய்வது. வரைபடத்தை மட்டும் நீட்டும் மென்பொருள் அதைச் செய்யாதது.

அணையாத அடுப்பு

ஆக, மூட்டை கட்டுவதா, பயனரை அலையவிடுவதா என்ற இரண்டினுள் ஒன்றைத் தேர்வது நம் முன் உள்ள வினாவன்று. சோற்றைக் கட்டிக் கொடுப்பதோடு, அதைச் சமைத்த முறையையும் எழுதி வைத்து, அம்முறைப்படி அன்றாடம் புதிதாகச் சமைக்கும் அடுக்களை ஒன்றையும் நடத்துவது எங்ஙனம் என்பதே வினா. இதற்குரிய பிரமாணம் பழமையானது. திறந்த மூல மென்பொருள்கள் பல பின்பற்றும் குனூ பொது உரிமத்தின், 1991இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு, முழுமையான மூலநிரல் எது என்று வரையறுக்கும்போது, நிரலின் பகுதிகளோடு அதைத் தொகுப்பதற்கும் நிறுவுவதற்கும் உரிய கட்டளைக் கோப்புகளையும் சேர்த்தே சொல்கிறது. நிறுவும் முறை மென்பொருளுக்குப் புறம்பானதன்று என்பது சட்ட வாசகமாகவே எழுதப்பட்டுவிட்ட பின்னும், ஆராய்ச்சியுலகம் அதைக் கருத்திற்கொள்ளாதது விசித்திரமே.

அத்தகைய அடுக்களைகள் சில ஏற்கனவே இயங்குகின்றன. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பொறுப்பாளர் உண்டு. அவர் எழுதும் சமையற்குறிப்பைக் கொண்டு பொதிகள் மையத்தில் கட்டப்படுகின்றன. டெசராக்டின் தமிழ்த் தரவும் அவ்வாறு தனிப்பொதியாகவே கிடைக்கிறது. உட்ரெக்டில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வகுத்துரைத்த நிக்ஸ் முறை, ஒவ்வொரு பொதியையும் அதன் சார்புகள் அனைத்தினின்றும் கணித்தெடுத்த தனிப்பெயருள்ள கோப்புறையில் வைப்பதால், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒரே கணினியில் வாழ்கின்றன. பத்தாண்டுக்கு முந்தைய ஆய்வை மீண்டும் செய்து பார்க்க விரும்புவோர்க்கு இது பெரிய உதவி. ஆர் மொழியின் பொதுக் களஞ்சியமோ 1997 முதல் இயங்கிவருவது. அங்கே வைத்த பொதிகள் பல்வேறு இயங்குதளங்களில் இடைவிடாது சோதிக்கப்படுகின்றன. ஒன்று பிழைபட்டால் அதன் பொறுப்பாளருக்கு அறிவிப்பு செல்கிறது. அவர் குறித்த காலத்துக்குள் திருத்தாவிட்டால் பொதி பரண்மேல் ஏற்றப்படுகிறது. இக்கண்டிப்பைக் குறை கூறுவோர் உண்டு. ஆயினும், நூலாசிரியரை நடையால் அடையாளம் காண உதவும் ஸ்டைலோ போன்ற ஒரு பொதியை இலக்கிய மாணவர் ஒரே வரியில் நிறுவ முடிவது, ஊசிப்போனதை அன்றன்றே எடுத்தெறியும் அந்தக் கண்டிப்பால்தான்.

எஞ்சியிருப்பது ஒரு நியாயம். அடுப்பை அணையாமல் காப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்ன தருகிறது? புதிய கணிப்பு முறை ஒன்றைக் கண்டவருக்குக் கட்டுரையும் பட்டமும் பதவியும் உண்டு. அதை ஆயிரம் பேருடைய கணினியில் ஓடச் செய்தவருக்கு ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு நன்றி வரியும் அருமை. மான்ஹைம் நூலகம்போல ஸ்தாபனமாக ஏற்பவர்கள் சிலரே. பெரும்பாலும் இது இரவில் கண்விழித்து ஒருவர் செய்யும் தானம். தானத்தை நம்பி ஒரு துறை நெடுங்காலம் நடைபெற இயலாது.

இந்நிலை சிறிது மாறத் தொடங்கியிருப்பதற்கு ஓர் அறிகுறி உண்டு. 2016இல் திறந்த மூல மென்பொருளுக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. அதற்கு வரும் மென்பொருளை மதிப்பிடுவோர் கையில் கொடுக்கப்படும் வினாப்பட்டியலில், இதற்கு ஆராய்ச்சிப் பயன் உண்டா, உரிமை கோரும் செயல்களை இது உண்மையில் செய்கிறதா என்பன போன்ற கனமான வினாக்களோடு, எழுதி வைத்த வழியைப் பின்பற்றினால் இது நிறுவப்படுகிறதா என்ற ஒரு சிறு வினாவும் சமவரிசையில் நிற்கிறது. அதற்கு விடை எழுத வேண்டுமானால், மென்பொருளை ஆக்காத ஒருவர், ஆக்கியவரின் உதவியின்றி, தம் சொந்தக் கணினியில் அதை ஒருமுறை நிறுவிப் பார்த்தே ஆக வேண்டும்.